பழைய ஸ்போர்ட்ஸ் காரைப் பாலக்காட்டு எல்லையில் ஓட்டத்தில் வைத்திருப்பது எப்படி: ஆர்சி முதல் ரப்பர் புஷ் வரை

ஆடி டிடி மாதிரியான கார்கள் இப்போது புது ஹேட்ச்பேக் விலைக்குக் கிடைக்கின்றன. கோயம்புத்தூரில், கொச்சியில், பெங்களூரில் தேடினால் நல்ல வண்டியாகவே அமையும். வாங்குவது சுலபம். வாங்கிய பிறகு ஒவ்வொரு பாகமாகத் தேயத் தொடங்கும்போது, எங்கே போவது, எதைக் கேட்பது, எவ்வளவு கையில் வைத்திருப்பது என்று சொல்ல ஆள் இல்லாமல்தான் பலர் வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடி வைக்கிறார்கள். நான் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இருந்துகொண்டு இந்தப் பாடெல்லாம் பட்டு, இப்போது வண்டியை ஓட்டத்தில் வைத்திருக்கிறேன். அடுத்து வாங்குகிறவர்களுக்கு இந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

சித்தூர் தாலுகா, வேலந்தாவளம், கோபாலபுரம், வாளையார் பக்கத்து ஆட்களுக்கு ஒரு பெரிய வசதி உண்டு. கோயம்புத்தூரின் லேத்துகளும் பட்டறைகளும் ஒரு மணி நேர ஓட்டத்துக்குள் இருக்கின்றன. வண்டியின் பதிவு கேரளத்தில், ரிப்பேர் தமிழ்நாட்டில் என்பதால் வரும் சிக்கல்களும் உண்டு. இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

உதாரணத்துக்கு 2006 முதல் 2014 வரை வந்த இரண்டாம் தலைமுறை டிடியை எடுத்துக்கொள்கிறேன். 8ஜே என்பார்களே, அது. உங்களிடம் இருப்பது வேறு வண்டி என்றாலும் காகித வேலைகள் எல்லாம் இதேதான்.

1. வண்டியைப் பார்க்கும் முன் ஆர்சியைப் பாருங்கள்

விற்பவரிடம் முதலில் ஆர்சியின் படம் கேளுங்கள். நான்கு விஷயங்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, பதிவுத் தேதி. தனியார் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குத்தான். அது முடிய ஒரு வருடமே இருக்கிறது என்றால், அந்தப் புதுப்பிப்புச் செலவை இப்போதே பேரம் பேசி விலையில் கழித்துவிடுங்கள்.

இரண்டாவது, இறக்குமதி வண்டி என்று பதிவாகியிருக்கிறதா. டிடி முழுதாகக் கட்டப்பட்டு வெளிநாட்டிலிருந்து வந்த கார். 2022 ஏப்ரலிலிருந்து 15 ஆண்டு கடந்த சாதாரணக் காருக்குப் பதிவுப் புதுப்பிப்புக் கட்டணம் 5,000 ரூபாய்; இறக்குமதிக் காருக்கு 40,000 ரூபாய். 2025 ஆகஸ்டில் வந்த திருத்தப்படி 20 ஆண்டு கடந்துவிட்டால் இவை 10,000, 80,000 ஆகிவிடுகின்றன. இதைத் தெரியாமல் வாங்கிவிட்டு ஆர்டிஓ கவுன்ட்டரில் போய் நின்று திகைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது, கடன். ஹைப்போதிகேஷன் என்ற இடத்தில் ஏதாவது வங்கிப் பெயர் இருந்தால், படிவம் 35-ம் வங்கியின் தடையில்லாச் சான்றும் கைக்கு வரும்வரை முன்பணம் கொடுக்காதீர்கள். "கடன் எப்பவோ முடிஞ்சுதுங்க, காகிதம்தான் எடுக்கல" என்று சொல்வார்கள். அந்தக் காகிதம் எடுக்க மாசக்கணக்கில் ஆகும்.

நான்காவது, வாகன் என்ற அரசு வாகனப் பதிவுத் தளத்தில் பதிவாகியிருக்கும் மொபைல் எண். இப்போது எல்லா வேலைக்கும் ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் போகிறது. வண்டி இரண்டு கை மாறி, முதல் உரிமையாளரின் பழைய எண்ணே இன்னும் அதில் கிடந்தால் உங்கள் வேலை ஓர் அடி நகராது. விற்பவரை வைத்தே அதை மாற்றச் சொல்லிவிட்டு அப்புறம் பேசுங்கள்.

டெல்லி வண்டி மலிவாகக் கிடைக்கும். அங்கே 15 ஆண்டு கடந்த பெட்ரோல் காருக்குக் கெடுபிடி உண்டு என்பதால் அதற்கு முன்பே தள்ளிவிடுகிறார்கள். வாங்கலாம். ஆனால் வேறு மாநிலத்துக்கு மாற்ற ஆர்டிஓ தரும் தடையில்லாச் சான்று, அதாவது என்ஓசி, எடுக்கப்பட்டிருக்க வேண்டும். என்ஓசி கையில் இல்லாத டெல்லி வண்டியைத் தொடவே தொடாதீர்கள்.

2. பார்க்கப் போகும்போது ஒரு காந்தம் கொண்டுபோங்கள்

இந்த டிடியின் கூட்டில் சுமார் 69 சதவீதம் அலுமினியம், மீதி எஃகு. பானெட்டிலும் முன் ஃபெண்டரிலும் காந்தம் ஒட்டாது, அதுதான் சரி. கதவும் பின் மூடியும் எஃகு. அங்கே சிக்கென்று ஒட்ட வேண்டும். துணி சுற்றிய சின்னக் காந்தத்தைக் கதவின் கீழ்ப்பக்கத்தில் மெதுவாக நகர்த்திப் பாருங்கள். ஓரிடத்தில் பிடி தளர்ந்து வழுக்கினால் உள்ளே பட்டி போட்டிருக்கிறது. பானெட்டில் ஒட்டுகிறது என்றால் அது அந்த வண்டியோடு வந்த பானெட்டே கிடையாது.

டயரின் பக்கவாட்டில் கடைசி நான்கு இலக்கத்தைப் படியுங்கள். 2319 என்றிருந்தால் 2019-ம் வருடத்தின் 23-வது வாரம் செய்தது. டயரின் பட்டன் தேயாமல் நிறைய இருந்தாலும் ஆறு வருடம் தாண்டிய டயரில் இந்த மாதிரி வண்டியை வேகமாக ஓட்டக்கூடாது. நான்கு டயருக்கான தொகையை விலையில் குறையுங்கள்.

காலையில் இஞ்சின் சில்லென்று இருக்கும்போதுதான் வண்டியைப் பார்க்க வேண்டும். விற்பவர் "நீங்க வர்றதுக்குள்ள ஸ்டார்ட் பண்ணி வெச்சிருக்கேன்" என்றால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். 2008 சுமாருக்குப் பிறகு வந்த 2.0 டிஎஃப்எஸ்ஐ டர்போ பெட்ரோல் இஞ்சினில், வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைப்பது டைமிங் செயின் என்ற சங்கிலி. அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் தளர்ந்திருந்தால், குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்த முதல் ஓரிரு வினாடிக்குள் சங்கிலி உலுக்கிய மாதிரி ஒரு சத்தம் வந்து அடங்கும். சூடான இஞ்சினில் அது கேட்காது. டென்ஷனர் விட்டுவிட்டால் வால்வு பிஸ்டனில் போய் இடிக்கும், இஞ்சினே போச்சு.

3. தமிழ்நாட்டு வண்டியைக் கேரளத்துக்கு மாற்றுவது

டிஎன் 37, 38, 66 வண்டி வாங்கி கேஎல் 09 அல்லது கேஎல் 70 ஆக்குவதுதான் நம் பக்கத்தில் வழக்கம். வரிசை இதுதான்:

முதலில் அங்கே என்ஓசி. அதற்குப் படிவம் 28. சேஸ் நம்பரின் பென்சில் பிரிண்ட் கேட்பார்கள். நம்பர் எங்கே பொறித்திருக்கிறது என்பதற்குக் கைப்புத்தகத்தில் படம் இருக்கும். வீட்டிலேயே நான்கைந்து பிரிண்ட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆர்டிஓ ஆபீஸ் வாசலில் தாழ்வான வண்டிக்குள் தலையை விட்டுத் தேய்த்துக்கொண்டிருக்க வேண்டாம். போலீஸ் வழக்கு எதுவும் இல்லை என்ற சரிபார்ப்பும் நிலுவை அபராதங்களும் முடிந்தால்தான் என்ஓசி வரும். பழைய வேக கேமரா அபராதம் ஒன்று கிடந்தாலே போதும், நின்றுவிடும்.

அடுத்து விற்றவர் தரும் படிவம் 29 இரண்டு பிரதி, பெயர் மாற்றத்துக்குப் படிவம் 30, புதிய எண்ணுக்குப் படிவம் 27. விற்றவர் வெளிமாநிலத்துக்கு விற்றால் 45 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். வாங்கியவருக்கு 30 நாள். கையெழுத்து ஆர்சியில் இருக்கும் மாதிரியே இருக்க வேண்டும். இதில் சின்ன வித்தியாசத்துக்கே திருப்பி அனுப்புவார்கள்.

செலவில் பெரிய அடி வரி. நீங்கள் பழைய வண்டியை என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்பது கேரளத்தின் கணக்கில் வராது. புதிதாக விற்றபோது இருந்த விலையையும் வண்டியின் வயதையும் வைத்துத்தான் வரி. அரைக்கோடி பக்கம் விற்ற காரை எட்டு லட்சத்துக்கு வாங்கிவிட்டு, வரியும் அதற்கேற்ற மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தால் ஏமாற்றம்தான். முன்பணம் கொடுக்கும் முன்பே முதல் இன்வாய்ஸின் பிரதியை வாங்கி, சித்தூர் சப் ஆர்டிஓ ஆபீஸில் காட்டி எவ்வளவு வரும் என்று கேட்டுவிடுங்கள். அந்தத் தொகை தெரியாமல் விலை பேசுவதில் அர்த்தமே இல்லை.

புதிய ஆர்சி வந்த கையோடு தமிழ்நாட்டில் கட்டிய ஆயுள் வரியின் மீதத்தைத் திரும்பக் கேட்டு மனுப் போடுங்கள். என்ஓசி பிரதி, புதிய ஆர்சி பிரதி, பழைய வரி ரசீது வேண்டும். அந்த ரசீது முதல் உரிமையாளரிடம் இருக்கும். வண்டியோடு சேர்த்து வாங்கினால்தான் உண்டு, பிறகு கேட்டால் கிடைக்காது.

வேறு மாநில எண்ணில் 12 மாதம் வரை ஓட்டலாமே என்று பலர் நினைக்கிறார்கள். 12 மாதம் என்பது புதிய எண் வாங்குவதற்கான கெடு. வரியை அதற்கு முன்பே கேட்பார்கள், வாளையாரில் நிறுத்தியும் கேட்பார்கள்.

4. பாக எண்ணின் முதல் மூன்று எழுத்துதான் உங்கள் வரைபடம்

ரிப்பேர் விஷயத்தில் நான் சொல்ல வந்ததே இதுதான். மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்.

ஆடி, ஸ்கோடா எல்லாம் அடங்கிய ஃபோக்ஸ்வேகன் குழுமத்தின் ஒவ்வொரு பாகத்திலும் ஒரு எண் அச்சிட்டிருக்கும். முதல் மூன்று இடங்கள் அது எந்த வண்டிக்காக முதலில் செய்யப்பட்டது என்று சொல்லும். 8ஜே0 என்று தொடங்கினால் டிடிக்கு மட்டுமே உரியது. 1கே0 என்றால் ஐந்தாம் தலைமுறை கோல்ஃபுக்காகச் செய்தது. 06எஃப், 06எச், 06ஜே என்றால் இஞ்சின் பாகம். 02இ என்றால் டிஎஸ்ஜி எனப்படும் ஆறு கியர் தானியங்கிப் பெட்டி. கடைசியில் வரும் எழுத்து பெரும்பாலும் திருத்தத்தைக் குறிக்கும். ஏ-க்குப் பிறகு பி, சி என்று வந்தால் புதியதையே வாங்குங்கள். செயின் டென்ஷனர் மாதிரியான பாகங்களில் பழைய எழுத்தும் புதிய எழுத்தும் இரண்டு வேறு பொருள் என்றே வைத்துக்கொள்ளலாம்.

இதில் நமக்கு என்ன லாபம்? டிடி நிற்கும் அதே அடித்தளத்தில்தான் நம் ஊரில் ஏகமாக ஓடிய ஸ்கோடா லாராவும் ஃபோக்ஸ்வேகன் ஜெட்டாவும் நிற்கின்றன. ஸ்கோடா சூப்பர்பின் 1.8 டிஎஸ்ஐ இஞ்சினும் டிடியின் பிந்தைய 2.0 இஞ்சினும் ஒரே குடும்பம். ஆகவே 1கே0 என்று தொடங்கும் கன்ட்ரோல் ஆர்ம் புஷ், ஸ்டெபிலைசர் லிங்க், வீல் பேரிங், பல சென்சார்கள் எல்லாம் லாராவுக்கு ஸ்பேர் விற்கும் கடையிலேயே கிடைக்கும். கடைக்காரரிடம் "ஆடி டிடிக்கு வேணும்" என்று சொன்னால் இல்லை என்பார், இருந்தாலும் விலை ஏறும். எண்ணைச் சொல்லுங்கள், அல்லது "லாரா பெட்ரோலுக்கு" என்று கேட்டு வாங்கிவந்து எண்ணை ஒப்பிடுங்கள்.

சரி, அந்த எண்ணை வைத்துக்கொண்டு ஒரு நோட்டில் மூன்று பட்டியல் போடுங்கள்.

முதல் பட்டியல், லாரா, ஜெட்டா, சூப்பர்போடு பொதுவானவை. இவற்றைக் கெட்ட பிறகு வாங்கினால் போதும். இரண்டு மூன்று நாளில் கிடைக்கும்.

இரண்டாவது, டிடிக்கு மட்டும் உரியது, ஆனால் ஓட்டத்தை நிறுத்தாதது: உள்ளே இருக்கும் அலங்காரத் துண்டுகள், ஸ்பாய்லரின் மோட்டார், சின்னச் சின்ன கிளிப்புகள். பழைய வண்டி உடைக்கும் இடங்களில் கண்ணில் பட்டால் எடுத்து வையுங்கள். சென்னை புதுப்பேட்டையில் சொல்லி வைத்தால் அகப்படும்போது கூப்பிடுவார்கள்.

மூன்றாவதுதான் கவனிக்க வேண்டியது. டிடிக்கு மட்டும் உரியது, கெட்டால் வண்டி நிற்கும் அல்லது ஓட்ட முடியாமல் போகும்: ஹெட்லைட், முன் கண்ணாடி, கதவுக் கண்ணாடியின் ரெகுலேட்டர், கதவைச் சுற்றி வரும் ரப்பர். டிடியின் கதவில் கண்ணாடியைச் சுற்றி ஃபிரேம் கிடையாது. கதவைத் திறக்கும்போது கண்ணாடி சிறிது இறங்கி, மூடியதும் ஏறி ரப்பரில் பதிய வேண்டும். கண்ணாடியை ஏற்றி இறக்கும் ரெகுலேட்டர் கெட்டால் ஆடி மாத மழையில் உட்காரும் இடமெல்லாம் தண்ணீர். இந்தப் பட்டியலில் உள்ளவற்றைக் கெடும் முன்பே, கையில் காசு இருக்கும்போது ஒவ்வொன்றாக வாங்கிப் பெட்டியில் போட்டுவிடுங்கள். வருடாவருடம் இவை குறைந்துகொண்டேதான் போகும்.

பிரேக் வாங்கும்போது இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஸ்டெப்னி கிடக்கும் குழியிலும் சர்வீஸ் புத்தகத்திலும் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். மூன்று மூன்று எழுத்தாகக் குறியீடுகள் வரிசையாக அச்சிட்டிருக்கும். முன் பிரேக் 312 மில்லிமீட்டரா, 340 மில்லிமீட்டரா என்பதை அதுதான் தீர்மானமாகச் சொல்லும். வருடத்தையும் மாடலையும் மட்டும் சொல்லி ஆர்டர் போட்டால் தவறான டிஸ்க் வந்து இறங்கும். திருப்பி எடுக்க மாட்டார்கள். அந்த ஸ்டிக்கரைப் படமெடுத்து மொபைலில் வைத்துக்கொள்ளுங்கள், காலப்போக்கில் எழுத்து அழிந்துவிடும்.

5. வாங்கிய முதல் வருடத்தில் செய்தாக வேண்டியவை

முந்தைய உரிமையாளர் எல்லாம் செய்துவிட்டேன் என்பார். பில் இருந்தால் நம்புங்கள், இல்லாவிட்டால் செய்யவில்லை என்று வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

டிஎஸ்ஜி ஆயிலும் ஃபில்டரும் 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஆறு கியர் பெட்டியில் கிளட்ச் எண்ணெயில் ஊறியிருக்கும் வகை. ஐந்து லிட்டருக்குச் சற்று மேல் பிடிக்கும். அளவு பார்க்கும்போது எண்ணெயின் சூடு 35 முதல் 45 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அந்தச் சூட்டை ஸ்கேனரில் பார்த்துக்கொண்டே செய்கிறாரா என்று கவனியுங்கள். ஸ்கேனர் மாட்டாமல் ஊற்றி மூடுகிற இடத்தில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். நான் இதற்கு இருபதாயிரம் ஒதுக்குவேன். கியர் பெட்டியை இயக்கும் மெக்கட்ரானிக்ஸ் என்ற கட்டுப்பாட்டுப் பகுதி போனால் லட்சங்களில் பேச வேண்டியிருக்கும் என்பதால் இதில் மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள்.

குவாட்ரோ, அதாவது நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி என்றால், பின் சக்கரங்களுக்கு விசை கொடுக்கும் ஹால்டெக்ஸ் கப்ளிங்குக்குத் தனி ஆயில் உண்டு. பெரும்பாலான வண்டிகளில் இதை யாரும் தொட்டதே இல்லை.

2008 சுமாருக்கு முந்தைய 2.0 இஞ்சினிலும், சக்தி கூடிய டிடிஎஸ் வகையிலும் செயினுக்குப் பதில் ரப்பர் டைமிங் பெல்ட். கிலோமீட்டர் குறைவு என்று விற்பவர் பெருமையாகச் சொல்லும் வண்டியில்தான் பெல்ட் பத்து வருடம் பழையதாக இருக்கும். ரப்பருக்கு வயதும் ஒரு கணக்கு. பெல்ட்டோடு டென்ஷனர், ரோலர், வாட்டர் பம்ப் நான்கையும் சேர்த்தே மாற்றுங்கள், கூலி ஒருமுறைதான்.

இதே பெல்ட் இஞ்சினில் உயர் அழுத்த பெட்ரோல் பம்புக்கும், வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டுக்கும் நடுவே ஃபாலோயர் என்று ஒரு பாகம் இருக்கிறது. கட்டைவிரல் நுனிக்கு மாட்டுகிற தொப்பி மாதிரி சின்ன எஃகுக் கிண்ணம். மூன்று போல்ட்டைக் கழற்றி பம்பை எடுத்தால் கையில் வந்துவிடும். அதன் தலையில் கறுப்புப் பூச்சு இருக்கும். பூச்சு முழுதாக இருந்தால் திரும்பப் போடலாம். நடுவில் வெள்ளி வட்டமாகத் தேய்ந்திருந்தால் உடனே மாற்ற வேண்டும். அப்படியே விட்டால் அந்த வட்டம் ஓட்டையாகி, பம்பின் தண்டு நேராகக் கேம் மேல் உரசி கேம் ஷாஃப்டையே தின்றுவிடும். பாகத்தின் விலை சொற்பம், பார்க்க ஆகும் நேரம் அரை மணி. வருடத்துக்கு ஒருமுறை நான் கேட்டுக் கழற்றிப் பார்க்கச் சொல்கிறேன்.

செயின் இஞ்சினாக இருந்தால் டென்ஷனரைக் கடைசித் திருத்தத்துக்கு மாற்றியிருக்கிறார்களா என்று பாருங்கள். பில் இல்லை என்றால் மாற்றிவிடுங்கள். இதே இஞ்சினில் வாட்டர் பம்பும் தெர்மோஸ்டாட்டும் ஒரே பிளாஸ்டிக் கூட்டில் இருக்கும், பாலக்காட்டுச் சித்திரை வெயிலில் அது விரிசல் விடும். கூலண்ட் மாதாமாதம் கொஞ்சம் குறைகிறது, கீழே சொட்டுக் காணோம் என்றால் முதல் சந்தேகம் அதன்மேல்தான். பச்சைத் தண்ணீர் ஊற்றி நிரப்பாதீர்கள்.

சஸ்பென்ஷனில் காந்த ஷாக் (காந்தப்புலத்தால் இறுக்கம் மாறும் ஷாக் அப்சார்பர்) இருக்கும் வண்டி என்றால் ஒன்று மாற்றுவதற்கான விலையை முன்பே விசாரித்துவிட்டு வாங்குங்கள். சாதா ஷாக்குக்கு மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். மாற்றினால் எச்சரிக்கை விளக்கையும் முறையாகக் கோடிங் செய்து அணைக்க வேண்டும். பல்பைப் பிடுங்கி வைக்கிற ஆளிடம் போகாதீர்கள்.

6. எந்த வேலைக்கு எந்தப் பக்கம் போவது

கம்ப்யூட்டர் கோடிங், ஏர்பேக், சாவி சம்பந்தப்பட்டதற்கு ஷோரூம். இதற்கு மட்டும் காசு பார்க்காதீர்கள். மற்ற எல்லாவற்றுக்கும் இந்தக் குழுமத்து வண்டிகளை மட்டும் பார்க்கும் தனி ஒர்க்ஷாப் கோயம்புத்தூரில் ஒன்றைப் பிடியுங்கள். செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே என்ற பந்தயத் தளம் இருக்கிற ஊர். ரேஸ் இஞ்சின் பிரித்துக் கோர்த்த கைகள் அங்கே நிறைய இருக்கின்றன. நல்ல மெக்கானிக் கிடைத்தால் அவரைக் கடை கடையாக அலையவிடாதீர்கள். எண்ணோடு பாகத்தை நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். "அண்ணா, இது வந்துருக்கு, எப்ப வண்டிய விடட்டும்?" என்று கேட்டால் அவரும் நாள் ஒதுக்குவார். பாகம் வராத வண்டி லிஃப்டில் நின்றால் அவருக்கு நஷ்டம்; அடுத்த முறை உங்கள் போனை எடுக்க யோசிப்பார்.

உள்ளூரில் செய்துகொள்ளக்கூடியவை: ஏசி ஹோஸ், எக்ஸாஸ்ட்டின் நெளியும் குழாய், ரேடியேட்டர், பிராக்கெட்டுகள், சில புஷ்கள். கோவையில் ஹைட்ராலிக் ஹோஸ் முறுக்கிக் கொடுக்கும் கடையில் பழைய ஏசி ஹோஸைக் கொடுத்தால் முனையை வைத்துக்கொண்டு நடுவில் புது ரப்பர் போட்டுத் தருவார்கள். ஷோரூம் விலையில் ஒரு சிறு பங்குதான் ஆகும். ஸ்டீயரிங் ராட், பால் ஜாயின்ட், பிரேக், பெட்ரோல் லைன் எதிலும் டூப்ளிகேட் கூடாது, லேத்தில் செய்ததும் கூடாது. டிரம் கணக்காகப் பிரேக் டிஸ்க்கைக் கடையச் சொல்வார்கள். குறைந்தபட்ச கனம் டிஸ்க்கின் விளிம்பிலேயே பொறித்திருக்கும். அதற்கு மேல் மிச்சம் இல்லாவிட்டால் கடையாமல் மாற்றுங்கள்.

டிங்கரிங் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. அலுமினியப் பகுதியை எஃகுக்குப் பயன்படுத்திய அதே சுத்தியல், அதே பிரஷ், அதே அரைக்கும் சக்கரம் வைத்து வேலை செய்தால் எஃகுத் துகள் பதிந்து, பெயின்ட்டுக்கு அடியிலேயே அரிப்பு தொடங்கும். மழைக்காலம் முடியும்போது குமிழ் குமிழாகக் கிளம்பும். அலுமினியத்துக்குத் தனி டூல் வைத்திருக்கிறீர்களா என்று கேளுங்கள். எல்லாம் ஒண்ணுதான் சார் என்ற பதில் வந்தால் வண்டியைத் திருப்புங்கள்.

வண்டி நின்றுவிட்டால் கயிறு கட்டி இழுக்க விடாதீர்கள். டிஎஸ்ஜி வண்டியை நியூட்ரலில் 50 கிலோமீட்டர் வேகத்துக்குள், 50 கிலோமீட்டர் தூரத்துக்குள்தான் இழுக்கலாம். குவாட்ரோவை இரண்டு சக்கரம் தூக்கி இழுக்கவே கூடாது. பிளாட்பெட் மட்டும் கூப்பிடுங்கள். முன் பம்பரின் கீழ் விளிம்பு தரையில் தட்டாமல் ஏற, சாய்வுக்கு இரண்டு பலகை கொண்டுவரச் சொல்லுங்கள்.

இஞ்சினையோ கியர் பெட்டியையோ தனியாக இறக்கி வண்டியில் ஏற்றி எல்லை தாண்டினால், ஆர்சி பிரதியும் ஒர்க்ஷாப்பின் கடிதமும் டிரைவர் கையில் இருக்கட்டும். வாளையாரின் பழைய வரிச் சாவடி 2017-ல் ஜிஎஸ்டியோடு போய்விட்டது, ஆனால் பறக்கும் படை நிறுத்திக் கேட்கும். விலைக்கு வாங்கிய பாகம் 50,000 ரூபாய்க்கு மேல் என்றால் பில்லோடு, சரக்கு கொண்டுபோவதற்கான மின்னணுச் சீட்டான இ-வே பில்லும் வேண்டும்.

7. வெளிநாட்டிலிருந்து வரவழைப்பது

மூன்றாம் பட்டியல் பாகங்களில் சிலவற்றுக்கு ஜெர்மனி, இங்கிலாந்து கடைகள்தான் கதி. சுங்க வரி பொருளின் விலைக்கு மட்டும் போடப்படுவதில்லை, அனுப்பும் கூலியும் காப்பீடும் சேர்ந்த தொகைக்குப் போடுவார்கள். அதற்கு மேல் ஐஜிஎஸ்டி, அதாவது இறக்குமதிக்கான ஜிஎஸ்டி. விலையையும் கூலியையும் கூட்டி, அதில் பாதியைக் கூடுதலாகக் கையில் வைத்துக்கொண்டுதான் நான் ஆர்டர் போடுவேன். கொரியர் கம்பெனி அடையாளச் சான்று கேட்கும். ஆதாரில் உள்ள பெயரும் பார்சல் மேல் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கட்டும். இல்லாவிட்டால் பார்சல் விமான நிலையத்திலேயே கிடக்கும், கிடக்கிற ஒவ்வொரு நாளுக்கும் வாடகை ஏறும்.

"கிஃப்ட் என்று எழுதி அனுப்பவா?" என்று விற்பவர் கேட்பார். வேண்டாம். உண்மை விலை போட்ட இன்வாய்ஸ் பெட்டிக்கு வெளியே ஒட்டியிருக்க வேண்டும். ஏர்பேக், வாயு நிரப்பிய ஷாக், பேட்டரி மூன்றையும் விமானத்தில் ஏற்ற மறுப்பார்கள், அல்லது அபாயப் பொருள் என்று தனிக் கூலி கேட்பார்கள். இவற்றை இந்தியாவுக்குள்ளேயே தேடுங்கள்.

மூன்று நான்கு வாரம் பிடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆயுத பூஜை, தீபாவளி ஒட்டிக் கோவைப் பட்டறைகள் பூட்டியிருக்கும், ஓணத்துக்கு இந்தப் பக்கம் எதுவும் நகராது. ஏசி வேலை மாசிக்குள், ரப்பர், வைப்பர், அடிப்பகுதி வேலைகள் வைகாசிக்குள் முடிகிற மாதிரி ஆர்டர் போடுங்கள்.

8. இன்சூரன்ஸ்

1500 சிசிக்கு மேற்பட்ட காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு, 2022 ஜூனில் நிர்ணயித்த விகிதப்படி, வருடம் 7,897 ரூபாயும் ஜிஎஸ்டியும். இது எல்லா கம்பெனியிலும் ஒன்றுதான். சொந்தச் சேதக் காப்பீட்டில்தான் வித்தியாசம். ஐந்து வருடம் கடந்த வண்டியின் மதிப்பு நீங்களும் கம்பெனியும் பேசி முடிவு செய்வது. பிரீமியம் குறைய வேண்டும் என்று மதிப்பைக் குறைத்துப் போட்டுக்கொண்டால், ஒரு ஹெட்லைட்டும் பம்பரும் உடைந்த விபத்திலேயே வண்டியை முழு நஷ்டம் என்று எழுதிவிடுவார்கள். ஏஜென்ட் குறைத்துச் சொன்னாலும் மதிப்பை உயர்த்திப் போடச் சொல்லுங்கள்.

9. நிறுத்தி வைக்கும்போது

வயலோரத்தில் வீடு இருப்பவர்களுக்கு முதல் எதிரி எலி. அறுப்பு முடிந்ததும் சூடான இஞ்சினைத் தேடி வந்து ஒயரைக் கடிக்கும். ஹார்னஸ் ஒன்று மாற்றும் செலவில் ஷெட்டுக்கே சிமென்ட் தளம் போட்டு வலையடிக்கலாம். புகையிலை கட்டித் தொங்கவிடுபவர்கள் பிளோயர் காற்றை இழுக்கும் இடத்தை விட்டுத் தள்ளிக் கட்டுங்கள்.

பம்புகளில் இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். இந்த வண்டிகள் அதற்காகச் செய்யப்பட்டவை இல்லை. எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் குழாயைப் பாதிக்கும். பாதி டேங்கோடு மாசக்கணக்கில் நிறுத்தாதீர்கள், பெட்ரோல் ஹோஸ்களை வருடம் ஒருமுறை கை வைத்துத் தடவிப் பாருங்கள். பிசுபிசுப்போ வெடிப்போ தெரிந்தால் மாற்றுங்கள். பெட்ரோல் மூடிக்கு உள்ளே எந்த ஆக்டேன் என்று எழுதியிருக்கிறதோ அதற்குக் குறைந்ததைப் போடாதீர்கள்.

வாரம் ஒருமுறை அரை மணி நேரம் நன்றாகச் சூடேறும்வரை ஓட்டுங்கள். ஸ்பாய்லர் 120 கிலோமீட்டர் வேகத்தில்தான் தானாக எழும்பும். நம் ரோட்டில் அதற்கு வேலையே இல்லாமல் உள்ளே காய்ந்து இறுகிவிடும். மாதம் ஒருமுறை பட்டனை அழுத்தி ஏற்றி இறக்குங்கள்.

10. பதினைந்து முடியும்போது

பதிவு முடிவதற்கு 60 நாளைக்கு முன்பிருந்தே படிவம் 25-ல் விண்ணப்பிக்கலாம். கெடு தாண்டினால் காருக்கு மாதம் 500 ரூபாய் தாமதக் கட்டணம். புதுப்பித்தால் ஐந்து வருடம் செல்லும். கேரளத்தில் பசுமை வரியும் உண்டு. அதைக் கட்டிய ரசீது, நடப்பு இன்சூரன்ஸ், புகைச் சான்று மூன்றும் தயாராக இருக்கட்டும்.

சோதனைக்கு வண்டியைக் காட்டும் முன் ஒரிஜினல் சைலன்ஸர், ஒரிஜினல் அளவு சக்கரம், கறுப்பு ஃபிலிம் இல்லாத கண்ணாடி என்று எல்லாவற்றையும் கம்பெனி நிலைக்குக் கொண்டுவாருங்கள். கேரள மோட்டார் வாகனத் துறை மாற்றியமைத்த வண்டிகளில் கறாரானது. இஞ்சின் விளக்கு எரிந்தால் அழித்துவிட்டுப் போகாமல், சரிசெய்துவிட்டு ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துப் போங்கள். இந்த வயதில் இந்த இஞ்சின்கள் ஆயில் குடிக்கும், இஞ்சினுக்குள் சேரும் ஆவியை வெளியேற்றும் பிசிவி வால்வு கிழிந்திருந்தால் இன்னும் அதிகம். புகைச் சோதனைக்கு முன் அந்த வால்வையும் பிளக்குகளையும் மாற்றிவிட்டால் பெரும்பாலும் தேறிவிடும். அவசரத்துக்கு அங்கே நிற்கும் ஏஜென்டுகளிடம் அசல் ஆர்சியைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். வண்டி சோதனைக்கு ஏறும் வரிசையில் ஓட்டுநர் இருக்கையில் நீங்களே இருங்கள். சரிவான குழியில் இறக்கும்போது முன்பக்கம் தட்டாமல் கோணலாக ஏற்ற இறக்க உங்களுக்குத்தான் தெரியும்.